அம்மா கோலம் போடாத காலை

அரையாண்டு லீவுக்கு மதுரை கிளம்பும்போதே போனில் பட்டியல் போட்டுவிட்டேன். முதல் நாள் சாயங்காலம் மீனாட்சி. மறுநாள் விடியற்காலையில் திருப்பரங்குன்றம், அங்கிருந்து நேரே அழகர்கோவில், மேலே பழமுதிர்சோலை, நூபுர கங்கை, இறங்கி வந்து பதினெட்டாம்படிக் கருப்பு. மதியச் சாப்பாட்டுக்கு வீடு. காலை நாலரைக்குக் கார் சொல்லியாயிற்று. அம்மா கேட்டுவிட்டு, "சாமி கும்பிடப் போறியா, கணக்கெடுக்கப் போறியாடா?" என்றாள். கணக்குதான் என் பிழைப்பு; பதில் சொல்லவில்லை.

2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்கு அப்புறம் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டேன். வரிசையில் நின்றபோது கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் டோக்கன்தான் தட்டுப்பட்டது. கட்டண தரிசனத்தில் போய்விடலாம் என்றேன். "என்ன அவசரம்? பொது வரிசையிலயே போவோம்" என்றாள் அம்மா.

மார்கழிக் கூட்டம். கறுப்பு வேட்டி ஐயப்பமார்கள், செவ்வாடை மேல்மருவத்தூர்க்காரர்கள். பனியில் மல்லி வரத்து குறைந்து விலை எங்கேயோ போயிருந்தது. அம்மா தலையில் ஒரு சாண் பூகூட இல்லை. அம்மனைப் பார்த்துவிட்டுச் சுவாமி சன்னதிக்குப் போவதற்குள் என் குதிகால் கடுக்க ஆரம்பித்துவிட்டது.

அப்படித்தான் வெள்ளியம்பலத்தின் முன் வந்து நின்றேன். சின்ன வயதிலிருந்து பார்க்கிற நடராசர். மற்ற ஊர்களில் இடது காலைத் தூக்கியிருப்பவர், இங்கே வலது காலைத் தூக்கி ஆடுகிறார். திருவிளையாடல் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. ராசசேகர பாண்டியனுக்கு அறுபத்து மூன்று கலைகள் தெரியும், ஆடல் மட்டும் பாக்கி. எங்கள் கரிகாலனுக்கு அறுபத்து நான்கும் தெரியும் என்று சோழ நாட்டுப் புலவர் ஒருவர் சொல்லிவிட, அந்த ஒன்றையும் கற்க இறங்கினான். ஆள் நம்ம ஜாதி என்று தோன்றியது. கற்கும்போது உடம்பு வலித்த வலியில்தான், ஒரே காலில் ஓயாமல் நிற்கிறாரே, இவருக்கு எப்படி வலிக்கும் என்று உறைத்தது. கால் மாறி ஆடாவிட்டால் வாளின் மேல் விழுந்து உயிரை விடுவேன் என்று கண்ணை மூடிக்கொண்டான். திறந்து பார்த்தால் கால் மாறியிருந்தது.

இத்தனை வருடம் இதைச் சாமியின் கருணைக்கதை என்றே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மனம் போனது பாண்டியனின் வலி மேல். தனக்கு வலிக்காமல் இருந்திருந்தால் அவன் அந்தக் காலைக் கவனித்திருப்பானா?

திரும்பிப் பார்த்தேன். அம்மா தூணைப் பிடித்தபடி, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயது. வரிசை முழுக்க இப்படித்தான் நின்றிருப்பாள்.

பொற்றாமரைக் குளக்கரையில் உட்கார்ந்தோம். நான் அவள் முழங்காலை அமுக்கிவிட, "விடுடா, ஆளுக பாக்குறாக" என்று தள்ளிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "பள்ளியறை பாத்துட்டுப் போவமா? அப்பா இருந்தப்ப பாத்தது" என்றாள். அது என் பட்டியலில் இல்லை. சரி என்றேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்தோம். பேசியதெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை: பக்கத்து வீட்டுக் கல்யாணம், தண்ணீர் மோட்டார், அப்பாவின் சைக்கிள்.

நடை சாத்தும் முன், சொக்கரின் பாதம் சின்னப் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு வந்தது. நாள் முழுக்க அத்தனை பேருக்குக் காட்சி கொடுத்தவர், நாதஸ்வரம் முன்னே போக, பள்ளியறைக்குள் போனார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு ஏனோ கண் கலங்கியது.

வெளியே வந்து போனை வாங்கியதும் முதல் வேலையாகக் கார்க்காரரைக் கூப்பிட்டு, நாளைக்கு வேண்டாம் என்று சொன்னேன்.

மறுநாள் நான் கண் விழித்தபோது மணி எட்டரை. தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கோலம், பூசணிப்பூ. எங்கள் வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. உள்ளே அம்மா லேசாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் பால் வாங்கப் போனேன்.