ஷேர் ஆற்றின் குறுக்கே: ஷெனோன்சோ நாட்குறிப்பு

அக்டோபர் 12, 2025

பிரான்ஸின் ஷெனோன்சோ அரண்மனை ஷேர் ஆற்றின் கரையில் தொடங்கி ஆற்றுக்குள்ளேயே கால் ஊன்றி நிற்கிறது. முன்பு இங்கே மார்க் குடும்பத்தாரின் கோட்டையும் அரண் சூழ்ந்த நீராலை ஒன்றும் இருந்தன. அரசின் நிதி அதிகாரியான தோமா போயியே, ஒரு கோபுரத்தை மட்டும் விட்டுவைத்துக் கோட்டையை இடித்துவிட்டு, 1513 முதல் நீராலையின் அடித்தூண்கள்மீது இம்மாளிகையை எழுப்பினார். அவர் பெரும்பாலும் வெளியூரில் இருந்ததால், கட்டுமானத்தை அருகிருந்து நடத்தியவர் அவருடைய மனைவி கத்தரீன் பிரிசொனேதான்.

அக்டோபர் 13

மன்னர் இரண்டாம் ஆன்றி 1547இல் இதைத் தம் காதலி தியான் து புவாத்தியேவுக்கு அளித்தார். தியான், கட்டடக் கலைஞர் பிலிபேர் தெலோர்மைக் கொண்டு மறுகரைக்குப் பாலம் அமைத்தார். 1559இல் மன்னர் இறந்ததும், அரசி கத்தரீன் தெ மெதிச்சி ஷோமோன் கோட்டையை ஈடாகக் கொடுத்து இதைத் தம் வசமாக்கி, அப்பாலத்தின்மேல் 60 மீட்டர் நீளக் கூடத்தைக் கட்டுவித்தார். விருந்துக்கும் நடனத்துக்குமாக எழுந்த கூடம் அது.

அக்டோபர் 14

இன்று அக்கூடத்திலேயே நெடுநேரம் இருந்தேன். பிரெஞ்சுப் புரட்சியின்போது, சுற்றுவட்டாரத்துக்கு இதுவே பாலம் என்று எடுத்துரைத்து உரிமையாளர் லூயிஸ் தியுபேன் அம்மையார் மாளிகையைக் காத்தார் என்பது இங்கே வழங்கிவரும் செய்தி. 1913இல் மாளிகையை வாங்கிய சாக்லேட் தொழிற்குடும்பமான மெனியே குடும்பத்தார், மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டபோது, தம் சொந்தச் செலவில் இக்கூடத்தை மருத்துவமனையாக்கினர். 2,000க்கும் மேற்பட்ட காயமடைந்த வீரர்கள் இங்கே சிகிச்சை பெற்றனர். 1940இல் ஷேர் ஆறே ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிபடாத பகுதிக்கும் எல்லையாயிற்று. மாளிகையின் வாயில் ஒருபுறத்திலும் கூடத்தின் தெற்குக் கதவு மறுபுறத்திலும் அமைந்துவிட, உயிருக்கு அஞ்சியவர்கள் பலர் இக்கூடத்தின் வழியே தப்பினர். நடனத்துக்கென்று கட்டிய ஓரிடம் மனிதருக்கு இதைவிடப் பெரிய உதவியைச் செய்திருக்க முடியாது என்றே கருதுகிறேன்.

அக்டோபர் 16

மாளிகை இன்றும் தனியார் உடைமைதான். ஆனால் பொதுமக்கள் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். அறைகள்தோறும் வைக்கும் மலர் அலங்காரத்துக்கென்றே இங்கு ஒரு தனிப் பட்டறையும் பூந்தோட்டமும் உள்ளன. அரசியரின் படுக்கையறைகளில் கூட்டம் நெரிகிறது. கூடத்தையோ பலரும் ஜன்னலோரம் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். வருபவர்கள் முதலில் இங்கே வந்து, தெற்குக் கதவுவரை நிதானமாக நடந்து, அதன்பிறகு அறைகளுக்குச் செல்ல வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.