சைகோனில் ஒரு நிறுவனச் சட்ட வழக்கறிஞரின் நாட்குறிப்பு

12 ஜூன் 2025, வியாழன்

மாகாண இணைப்புத் தீர்மானம் இன்று வியட்நாமின் தேசிய அவையில் நிறைவேறியது. இதுவரை 63 ஆக இருந்த மாகாணங்களும் மாநகரங்களும் 34 ஆகச் சுருங்குகின்றன. பின் துவோங், பா ரியா-வுங் தாவ் ஆகிய இரு மாகாணங்களும் ஜூலை முதல் தேதியன்று, சைகோனின் இன்றைய பெயரான ஹோ சி மின் நகரத்தோடு சேர்கின்றன. இணைப்புக்கு உள்ளாகும் மாகாணம் ஒன்றில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் நிறுவனத்தின் 51 விழுக்காட்டுப் பங்குகளை ஜப்பானியக் குழுமம் ஒன்று வாங்கவிருக்கிறது; அந்தக் கோப்பு எங்கள் மேசையில் இருக்கிறது. வெளிநாட்டவரின் பங்கு பாதியைத் தாண்டுமானால், பங்குகள் கைமாறுவதற்கு முன்பே மாகாண அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது 2020 முதலீட்டுச் சட்டத்தின் விதி. அந்தப் பொறுப்பை வகித்த திட்ட முதலீட்டுத் துறைகள் கடந்த மார்ச் மாதம்தான் நிதித் துறைகளோடு இணைக்கப்பட்டன. இப்போது மாகாணமே வேறாகப் போகிறது.

நிபந்தனைகள் நிறைவேறாவிட்டால் ஒப்பந்தம் தானாகக் காலாவதியாகும் கடைசி நாளை அக்டோபர் இறுதிக்குத் தள்ளும்படி வாங்குவோருக்கு எழுதினேன். சட்டம் 15 நாள் கெடு விதித்திருக்கையில் நான்கு மாதம் எதற்கு என்று தோக்கியோவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அந்தப் 15 நாள், விண்ணப்பம் முழுமையானது என்று அலுவலகம் ஏற்றுக்கொண்ட பிறகே எண்ணப்படுகிறது.

15 ஜூன், ஞாயிறு

சென்னையில் நிறுவனச் சட்டத் துறையில் பணிபுரியும் இளைய வழக்கறிஞர் ஒருவர், வியட்நாம் போன்ற நாட்டில் வேலைக்கு வருவது எப்படி என்று கேட்டு எழுதியிருந்தார். பதிலை இங்கேயும் பதிந்து வைக்கிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது உரிமத்தின் எல்லை. நீதி அமைச்சகம் வெளிநாட்டு வழக்கறிஞருக்கு ஐந்தாண்டு செல்லுபடியாகும் உரிமம் தருகிறது. பின்னர் அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதைக் கொண்டு வெளிநாட்டுச் சட்டத்திலும் பன்னாட்டுச் சட்டத்திலும் மட்டுமே ஆலோசனை சொல்லலாம். இந்நாட்டிலேயே சட்டப் பட்டம் பெற்று, உள்ளூர் வழக்கறிஞருக்குரிய தகுதிகளையும் அடைந்தாலன்றி வியட்நாமியச் சட்டத்தைப் பற்றிக் கருத்துரை எழுத முடியாது. நீதிமன்றத்தில் வழக்காடவும் முடியாது. எனவே நான் நடத்தும் ஒவ்வொரு கோப்பிலும் அடிப்படையான சட்டக் கருத்தை எழுதுபவர் வியட்நாமியச் சக வழக்கறிஞர்தான். அதைக் குறையாக எண்ணுபவருக்கு இந்தத் தொழில் ஒத்துவராது.

இரண்டாவது, இங்கிலாந்துச் சட்டத் தகுதி. எல்லை கடந்த கடன் ஒப்பந்தங்களில் பல இங்கிலாந்துச் சட்டத்தின்கீழ் எழுதப்படுவதால், இந்தியப் பட்டத்தோடு அதுவும் இருந்தால் கதவுகள் எளிதில் திறக்கும். 2021 முதல் நடைமுறையில் உள்ள சொலிசிட்டர் (இங்கிலாந்து ஆலோசனை வழக்கறிஞர்) தேர்வு முறையில் ஈராண்டுப் பணி அனுபவத்தை உலகின் எந்த நாட்டிலும், நான்கு நிறுவனங்கள் வரை பிரித்தும் ஈட்டலாம். இங்கிலாந்து சொலிசிட்டர் ஒருவர் அதை உறுதிப்படுத்தினால் போதும்.

லண்டனில் ஆறேழு ஆண்டுகள் காத்திருந்து பெறும் பொறுப்பு இங்கே மூன்றாம் ஆண்டிலேயே கைக்கு வரும் என்பதும் உண்மை. ஆள் குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அதைத் திறமைக்குக் கிடைத்த அங்கீகாரமாக எடுத்துக்கொண்டவர்கள் சிலரை நான் அறிவேன்.

24 ஜூன், செவ்வாய்

நாள் முழுவதும் பேச்சுவார்த்தை. வாங்குவோர் 51 விழுக்காட்டை முழுக் கட்டுப்பாடு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். பங்கு நிறுவனங்களில் சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேற்பட்ட வாக்கு போதும். ஆனால் தொழிலை மாற்றவும், பெரும் சொத்தை விற்கவும், நிறுவனத்தைக் கலைக்கவும் 65 விழுக்காடு வேண்டும். போதாக்குறைக்கு, நிறுவன விதிகள் வேறு வகை செய்யாவிட்டால் இயக்குநர் தேர்தலில் வாக்குகளைத் திரட்டி ஒருவருக்கே அளிக்கும் முறை பொருந்தும்; ஆகவே 49 விழுக்காடு வைத்திருக்கும் நிறுவனர் குடும்பம் சில இருக்கைகளைத் தாராளமாகப் பிடித்துவிடும். இதை விளக்கியதும் தோக்கியோ அறையில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு, விலையைக் குறைப்பதா, விதிகளைத் திருத்துவதா என்று பேச்சு திரும்பியது.

மாலையில் இழப்பீட்டு விதியில் சிக்கல். ஒப்பந்தத்தை ஆள்வது வியட்நாமியச் சட்டம், பிணக்கைத் தீர்ப்பது சிங்கப்பூர் நடுவர் மையம் என்பது இரு தரப்பும் ஏற்ற சமரசம். வாங்குவோரின் பழைய மாதிரியில் இருந்த கனத்த ஒப்பந்த அபராதம் இங்கே அப்படியே செல்லாது: 2005 வணிகச் சட்டம் அபராதத்தை, மீறப்பட்ட கடமையின் மதிப்பில் 8 விழுக்காட்டோடு நிறுத்திவிடுகிறது. பங்கு விற்பனைக்கு அச்சட்டம் பொருந்துமா என்பதில் வழக்கறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. பொருந்தும் என்று கொண்டே எழுதுவதுதான் பாதுகாப்பு. சக வழக்கறிஞர் அபராதத்தை அளவோடு வைத்து, மெய்ப்பிக்கப்பட்ட நட்டத்துக்கான ஈட்டைத் தனிப் பிரிவாக எழுதச் சொன்னார். நடுவர் தீர்ப்பு கிடைத்தாலும் அதை நிறைவேற்றக் கடைசியில் உள்ளூர் நீதிமன்றத்துக்கே வர வேண்டும் என்பதை அவர் ஒருபோதும் மறப்பதில்லை. அந்நிய நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்ற வகை செய்யும் நியூயார்க் உடன்படிக்கையில் வியட்நாம் 1995 முதல் இருக்கிறது. ஆனாலும் வியட்நாமியச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளுக்கு முரணானது என்று காட்டினால் அந்நியத் தீர்ப்பை நீதிமன்றம் ஏற்க மறுக்கலாம். அளவுக்கு மீறிய அபராதம் அந்த வாதத்துக்கு நாமே இடம் கொடுப்பதாகும்.

3 ஜூலை, வியாழன்

பங்கு வாங்கும் ஒப்புதலுக்கான விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது. முகவரியெல்லாம் மாறிவிட்டதால் அதோடு வைக்கும் ஆவணங்களைப் புதிதாக அச்சிட்டோம். வேறு செய்தி இல்லை.

20 ஜூலை, ஞாயிறு

டோன் தாட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலுக்குப் போயிருந்தேன். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கொச்சின்சீனா எனப்பட்ட தெற்கு வியட்நாமில் நெல் வயல்களை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தவர்கள் அவர்கள். தற்போது சிங்கப்பூர் வங்கி ஒன்றுக்காக இங்குள்ள நூற்பாலைக்குக் கடன் ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வங்கியால் நகரத்தார் செய்ததைச் செய்ய முடியாது. நிலம் முழு மக்களுக்கும் உரியது. தொழிற்சாலைக்கு இருப்பது நிலப் பயன்பாட்டு உரிமை மட்டுமே. அதையும் நிறுவனங்கள் வியட்நாமில் உரிமம் பெற்ற கடன் நிறுவனங்களிடம்தான் அடமானம் வைக்கலாம். எனவே சிங்கப்பூர் வங்கிக்காக அடமானத்தை ஏற்று வைத்திருக்கும் ஈட்டுப் பொறுப்பாளராக உள்ளூர் வங்கி ஒன்றை நடுவில் நிறுத்துகிறோம். போதாததற்கு, ஓராண்டுக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் கடன் என்பதால் வியட்நாம் மத்திய வங்கியில் பதிவும் வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் தவணையை வெளிநாட்டுக்கு அனுப்ப வங்கிகள் இசையா.

4 ஆகஸ்ட், திங்கள்

வியட்நாமிய நிறுவனமான வின்ஃபாஸ்ட்டின் மின்கார் ஆலை இன்று தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் என்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வியட்நாமிய முதலீட்டாளருக்குத் தமிழ்நாட்டின் நிலக் குத்தகையை விளக்கும் வேலை ஒன்று உருவாகும் என்று யாரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்போம். வளரும் நாட்டிலிருந்து மற்றொரு வளரும் நாட்டுக்குப் போகும் பணத்துக்கு, இரு பக்கமும் அறிந்த வழக்கறிஞர்கள் மிகக் குறைவு. சென்னை இளையவருக்கு இதையும் எழுத வேண்டும்.

1 செப்டம்பர், திங்கள்

ஹோ சி மின் நகரத்திலும் டா நாங்கிலும் பன்னாட்டு நிதி மையம் அமைப்பதற்கான தீர்மானம் இன்று நடைமுறைக்கு வந்தது. போன வாரம் சிங்கப்பூரிலிருந்து ஒரு வேலை வாய்ப்பும் வந்திருக்கிறது. சம்பளம் அதிகம், குழு பெரிது. ஆனால் அங்கே நான் இருபது பேரில் ஒருவன். இங்கே சேர்த்த அறிவில் பாதியாவது, எந்தத் துறை எந்த ஆவணத்தை எந்த வரிசையில் கேட்கும் என்பதைப் போன்றது. விமானம் ஏறினால் அதற்கு மதிப்பில்லை. இந்தத் தொழிலின் உண்மையான விலை அதுதான், ஆட்சேர்ப்பு முகவர்கள் அதைச் சொல்வதில்லை. மறுத்து எழுதிவிட்டேன். நிதி மையம் எப்படி உருப்பெறுகிறது என்பதை அருகில் இருந்து பார்க்கவும் ஆசை.

18 செப்டம்பர், வியாழன்

அட்டைப்பெட்டி நிறுவனக் கோப்புக்கு ஒப்புதல் வந்துவிட்டது. இனிப் பணம் கைமாறும் கட்டம். வெளிநாட்டவர் 51 விழுக்காடு பெறுவதால், விலைப் பணம் அந்த நிறுவனத்தின் பெயரில் திறக்கப்படும் நேரடி முதலீட்டுக் கணக்கின் வழியாகவே விற்பவர்களுக்குப் போக வேண்டும். பங்குகள் கைமாறிய பிறகு அந்தக் கணக்கு வாங்குவோரின் ஆளுகைக்குள் வந்துவிடுமே என்று நிறுவனர் பிற்பகல் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். வாங்குவோரின் பணம் கணக்கில் விழுந்த அன்றே விற்பவர்களுக்கு அனுப்பும்படி, ஒருதலையாகத் திரும்பப் பெற முடியாத கட்டளைக் கடிதம் ஒன்றை முன்கூட்டியே வங்கியிடம் கொடுத்துவைப்பது என்று முடிவாயிற்று. வங்கியின் சட்டப் பிரிவு வரைவில் இரண்டு வரிகளை மாற்றக் கேட்டிருக்கிறது. அதில் ஒன்றை ஏற்கலாம்.