யாருக்கும் கொடுக்காத முகவரி

2000ஆம் ஆண்டில் அண்ணா சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எனக்கு வேலை. 1998 இறுதியில்தான் இணைய இணைப்பு விற்கத் தனியாருக்கு அனுமதி கிடைத்திருந்தது. எங்கள் நிறுவனம் தொலைபேசி வழியே கிடைக்கும் டயல்அப் இணைப்பை மணிக்கணக்கில் விற்றது. கூடவே ஒரு மின்னஞ்சல் கணக்கு. மடல்களை வாங்கிச் சேர்க்கும் கணினியான அஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

ஒருநாள் காலை மேற்கு மாம்பலத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். மஞ்சள் பையிலிருந்து அச்சிட்ட தாள்களை எடுத்து என் மேசையில் அடுக்கினார். எடை குறைக்கும் மாத்திரை, வீட்டிலிருந்தே டாலர் சம்பாதிக்கும் வழி, இன்னும் அவர் கண்ணில் பட்டிருக்கவே கூடாத விளம்பரங்கள்.

"கணக்கு வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது தம்பி. இந்த முகவரி அமெரிக்காவில் இருக்கும் என் மகனுக்கு மட்டும்தான் தெரியும். அவனும் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. மிச்சம் நீங்கள்தான்."

"எங்காவது இணையதளத்தில் பதிந்திருப்பீர்கள் அம்மா" என்பது நாங்கள் எல்லோருக்கும் சொல்லும் பதில். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் மடல் பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் இணைப்பைப் பயன்படுத்தியதில்லை. காசு கொடுத்து வாங்கிய மணிநேரம் குப்பையை இறக்கியே கரைந்திருந்தது. பெட்டி நிரம்பி, மகன் அனுப்பிய பேரனின் படங்கள் திரும்பிப் போயிருந்தன.

அன்றிரவு, சர்வரில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாக் கோப்புகளோடு உட்கார்ந்தேன். முந்தின வாரம், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், எங்கிருந்தோ வந்த ஓர் இணைப்பு எங்கள் சர்வரிடம் ஒரே ஒரு கட்டளையைக் கொடுத்திருந்தது: எக்ஸ்பன். ஒரு குழு முகவரியைச் சொன்னால், அதில் உள்ளவர்களை வரிசையாகப் படித்துக் காட்டும் கட்டளை அது. பராமரிப்பு அறிவிப்புகளை அனுப்ப எல்லா வாடிக்கையாளர்களையும் ஒரே குழுவில் போட்டு வைத்திருந்தவன் நான். கேட்டவுடன் எங்கள் சர்வர் ஒரு பெயர் விடாமல் ஒப்பித்துவிட்டது.

1982இல் இணைய முன்னோடி ஜான் போஸ்டல் எழுதிய, சர்வர்கள் மடல் பரிமாறும் விதிகளான மின்னஞ்சல் நெறிமுறையிலேயே அந்தக் கட்டளை உண்டு. பெயரைச் சொன்னால் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று சொல்லும் விரிஃபை கட்டளையும் உண்டு. இணையத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பிய காலத்தின் ஏற்பாடு. அதில் போஸ்டலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மக்களிடம் பணம் வாங்கிக்கொண்டு கணக்குக் கொடுத்த நாங்கள் அதை அப்படியே திறந்து வைத்திருந்தோம் என்பதுதான் என்னைச் சுட்டது. எங்கள் சர்வரில் ஓடிய அஞ்சல் மென்பொருளான சென்ட்மெயிலில் இவற்றை அடைக்க ஒரே ஒரு வரி போதும். அந்த விருப்பத்தின் பெயரே 'கோ அவே', போய்விடு. அதை எழுதிச் சேர்க்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை.

கதவை அடைத்ததும் குப்பை மடல் அனுப்புபவர்கள் ஜன்னலைத் தட்டினார்கள். முருகன், முருகன்1, முருகன்67 என்று பெயர்களை ஊகித்து மடல் அனுப்புவார்கள். இல்லாத பெயருக்கு சர்வர் 550 என்று மறுக்கும், இருக்கும் பெயருக்கு 250 என்று ஏற்கும். அந்த வித்தியாசத்தை வைத்தே அவர்கள் பட்டியலைக் கட்டினார்கள். மறுப்பதையும் நிறுத்த முடியாது. எழுத்துப் பிழையோடு அனுப்பிய நல்ல மனிதருக்குத் தன் மடல் போய்ச் சேரவில்லை என்று தெரியாமல் போய்விடும். ஆகவே ஒரே இணைப்பில் சில பெயர்கள் தவறினால், அதன் பிறகு ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு விநாடி காக்க வைத்தோம். லட்சம் பெயர்களை ஊகிப்பவனுக்கு அந்த ஒரு விநாடி பெரிய பாரம்.

இதைவிடக் கடினமான வாசல் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தது. விற்பனைப் பிரிவு நண்பர் ஒருவர், வங்கிக் கடன் அட்டை விற்பவருக்கு வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுக்கலாமா என்று கேட்டார். "வெறும் பெயரும் முகவரியும்தானே?" ஒப்பந்தத்தை மீறித் தனிநபர் தகவலை வெளியிட்டால் 3 ஆண்டு வரை சிறை என்று சொல்லும் 72ஏ பிரிவு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2009இல்தான் நடைமுறைக்கு வந்தது. அன்று என் கையில் இருந்தவை ஆசிரியையின் தாள்கள் மட்டுமே. அவற்றை நண்பர் முன் வைத்தேன். படித்துவிட்டு எழுந்து போனார், பிறகு கேட்கவில்லை.

ஆசிரியை வீட்டுக்கு நானே போய் நடந்ததைச் சொன்னேன். புது முகவரி தருகிறேன் என்றேன். "எதற்கு? தவறு செய்தது நான் இல்லையே" என்று மறுத்துவிட்டார். அவருக்காகத் தனியாக வடிகட்டி எழுதி, வாரந்தோறும் திருத்தினேன். 2004இல் நான் வேலையை விட்டபோதும் அந்தப் பழைய பட்டியலிலிருந்து அவர் பெயருக்குக் குப்பை வந்துகொண்டேதான் இருந்தது.