அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி போர்ஷன் காலியாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆய்வு வேலைக்காகப் புதுச்சேரி வந்திருந்த ஒரு பிரெஞ்சுப் பெண்ணைப் புரோக்கர் அழைத்து வந்தார், அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று, அட்வான்ஸும் பேசி முடித்தாயிற்று. கிளம்பும்போது அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "சி ஃபார்ம் நீங்கள் போடுவீர்களா?" என்று கேட்டார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம் வீட்டில் தங்குகிறார் என்று வீட்டுக்காரர் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கும் படிவம் அது. "அதெல்லாம் ஓட்டல்காரங்களுக்குங்க, வீட்டுக்கு வேணாம்" என்று புரோக்கர் முந்திக்கொண்டார். வேண்டும், நீங்கள் குடிவந்த அன்று ராத்திரியே போட்டுவிடுகிறேன் என்று நான் சொன்னேன். அந்தத் தயக்கம் எனக்குத் தெரிந்த தயக்கம்தான், நானும் ஒரு வெளியூர் வீட்டு வாசலில் அப்படி நின்றவன்.

2024 கடைசியில் தாய்லாந்தில் சியாங் மாய் நகரத்தில் ஒரு சின்ன வீடு எடுத்துத் தங்கியிருந்தேன். அந்த வருடம் ஜூலையில்தான் இந்தியர்கள் விசா இல்லாமல் 60 நாள் தங்கலாம் என்று அறிவித்திருந்தார்கள், மேலே 30 நாள் வேண்டுமென்றால் குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டி நீட்டிக்கலாம் என்றிருந்தது. 55ஆம் நாள் போட்டோ, பாஸ்போர்ட் நகல், பணம் எல்லாம் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். அங்கிருந்த அம்மாள் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: டி.எம். 30 எங்கே?

அது என்னவென்றால், வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஒரு வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது தாய்லாந்தின் 1979ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 38ஆவது பிரிவு. அந்தப் படிவத்தின் பெயர்தான் டி.எம். 30. நேரில் கொடுக்கலாம், பதிவுத் தபாலில் அனுப்பலாம், இணையத்திலும் போடலாம். கடமை முழுக்க வீட்டுக்காரருடையது. ஆனால் அந்தச் சீட்டு இல்லையென்றால் திருப்பி அனுப்பப்படுவது குடியிருப்பவர். எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இதுதான், தப்பு ஒருவருடையது, அலைச்சல் இன்னொருவருடையது.

என் ஹவுஸ் ஓனர் நல்ல மனிதர், தண்ணீர் வரவில்லை என்றால் அடுத்த அரை மணியில் வந்து நிற்பார். ஆனால் இதைக் கேட்டதும் போனை எடுக்கவே யோசித்தார். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார், நாளைக்கு என்றார். வாடகை வருமானம் கணக்கில் ஏறிவிடுமோ என்ற பயம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். 60ஆம் நாள் தாண்டிவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் அபராதம், பாஸ்போர்ட்டில் ஒரு கறை வேறு. கடைசியில் 59ஆம் நாள் காலையில் தன் அடையாள அட்டை நகலையும், தபியன் பான் என்கிற நீலப் புத்தகத்தின் நகலையும் கொடுத்தார் (நம்ம ரேஷன் கார்டு மாதிரி, அந்த வீட்டு முகவரியில் யார் யார் பதிந்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கும்). வாடகை ஒப்பந்தத்தோடு அவற்றைச் சேர்த்து நானே போய்ப் படிவம் கொடுத்தேன். தாமதத்துக்கு 1,600 பாட் அபராதம், சட்டப்படி வீட்டுக்காரர் கட்ட வேண்டியது, கட்டியது நான்.

அங்கே போகிறவர்கள் இதோடு இன்னொன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 90 நாளைக்கு மேல் தொடர்ந்து தங்குபவர்கள் கொடுக்கும் டி.எம். 47 தனி, அது குடியிருப்பவரே செய்ய வேண்டியது, கெடு தேதிக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை கொடுக்கலாம். ஒன்றைக் கொடுத்தால் மற்றது தீர்ந்துவிடாது. ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான், வீடு மாறி இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும். சான்று தர மாட்டேன் என்கிற வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கேயும் அதே 24 மணி நேரம்தான். 1946ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025 செப்டம்பரில் புதுச் சட்டம் வந்தும் அது மாறவில்லை. ஓட்டல், கெஸ்ட் ஹவுஸ் மட்டும் இல்லை, தனி வீட்டுக்கும் பொருந்தும், வாடகை வாங்காமல் தங்கவைத்தாலும் பொருந்தும். சொல்தா குடும்பங்கள் (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள்) இதைக் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் விசா எடுத்து வருகிற சொந்த அத்தை பையன் நம் வீட்டில் படுத்தாலும் சி ஃபார்ம் உண்டு. நான் எங்கள் வீட்டைப் பதிந்து வைத்ததே போன வருடம் அப்படி ஒருவர் வந்தபோதுதான். முதலில் வீட்டு முகவரியைக் கொடுத்து அரசாங்க இணையதளத்தில் ஒரு கணக்கு தொடங்க வேண்டும், அதை வெளிநாட்டினர் பதிவு அலுவலகம் அங்கீகரிக்க வேண்டும், அதனால் ஆள் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கும்வரை காத்திருக்காதீர்கள். கணக்கு இருந்தால் அப்புறம் கால் மணி நேர வேலை, பாஸ்போர்ட் விவரம், விசா விவரம், ஒரு போட்டோ.

நீண்ட நாள் விசாவில் வருகிறவர்கள் பலர் 14 நாளுக்குள் அந்த அலுவலகத்தில் தங்களைப் பதிந்துகொள்ள வேண்டும், அப்போது கேட்கும் காகிதங்களில் இந்த சி ஃபார்மும் ஒன்று. நாம் சோம்பலில் விட்டது அவர்களை அங்கே போய் மடக்கும்.

அந்தப் பெண் குடிவந்தது ஒரு வியாழக்கிழமை. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொல்ல, நான் தட்டினேன். நகல் இரண்டு எடுத்தோம், ஒன்று அவரிடம், ஒன்று எங்கள் வீட்டு வரி ரசீதுகளோடு.