ஒரே தாளில் இரண்டு ஏழு

பழைய கிரிக்கெட் ஸ்கோர்கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். திரையின் இடப்பக்கம் ஸ்கேன் செய்த தாள், வலப்பக்கம் நிரப்ப வேண்டிய கட்டங்கள். ஒவ்வொருவர் எடுத்த ரன்னையும் எக்ஸ்ட்ராவையும் கூட்டினால் மொத்தம் வர வேண்டும், வராவிட்டால் சாஃப்ட்வேர் கத்தும். கணக்கு சரியாக வந்தும் நமக்கு ஏதோ இடித்தால், நாமே ஒரு சிவப்புக் கொடி போட்டுத் திருப்பி அனுப்பலாம். எனக்கு அந்தக் கொடி மேல் கொஞ்சம் அதிகப் பிரியம்.

பெண்கள் டெஸ்ட் வந்தபோது, "சின்ன ஃபைல்தான், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்கள். முதல் தாள் 1934 டிசம்பர் 28, பிரிஸ்பேன். ஆஸ்திரேலியா 47 ரன்னில் ஆல் அவுட், இங்கிலாந்தின் மிர்ட்டில் மெக்லகன் 10 ரன் கொடுத்து 7 விக்கெட். அதே ஆள் அப்புறம் பேட் பிடித்து 72 அடிக்கிறார், அடுத்த சிட்னி டெஸ்டில் 119, பெண்கள் டெஸ்டில் விழுந்த முதல் சதமே அதுதான். சின்ன வயதிலிருந்து கிரிக்கெட்டிலேயே கிடந்தவன் நான், இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. அந்த இங்கிலாந்து அணி கப்பல் கட்டணத்தைக்கூடத் தங்கள் கைக்காசில் கட்டித்தான் ஆஸ்திரேலியா போயிருக்கிறது.

பெயர்கள்தான் பெரிய தலைவலி. பெட்டி என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் தாளில் எலிசபெத் என்பதால் 'இ' என்ற முதலெழுத்தோடு நிற்பார். கல்யாணமானால் பெயர் நீளும்: ரேச்சல் ஹேஹோ 1971க்குப் பிறகு ஹேஹோ ஃப்ளின்ட், சாஃப்ட்வேருக்கு இரண்டு ஆள். பீடன் என்று ஆஸ்திரேலிய அணியில் இரண்டு பேர் வந்தபோது டூப்ளிகேட் என்று நினைத்து ஒன்றாகச் சேர்க்கப் போனேன். மார்கரெட், பார்பரா, இருவரும் அக்கா தங்கை. மார்கரெட்தான் கேப்டன் வேறு.

அப்புறம் அந்தத் தாள் வந்தது. 1958 பிப்ரவரி, மெல்பர்னின் செயின்ட் கில்டா. ஆஸ்திரேலியா 38 ஆல் அவுட், மேரி டகன் 6 ரன்னுக்கு 7 விக்கெட். இங்கிலாந்து 35 ஆல் அவுட், பெட்டி வில்சன் 7 ரன்னுக்கு 7 விக்கெட். நடுராத்திரி ஷிப்ட், டீ ஆறிப்போயிருக்கிறது, யாரோ தூக்கத்தில் ஒரே இன்னிங்ஸை இரண்டு முறை அடித்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டிக் கொடி போட்டேன். குறிப்பில் 'நம்பும்படி இல்லை' என்றும் எழுதினேன்.

காலையில் சீனியர் ஒருவர் கூப்பிட்டார். கிளப் மேட்ச்சுகளுக்கு ஸ்கோர் எழுதிப் பழகியவர். "தம்பி, கூட்டிப் பார்த்தியா?" பார்த்தேன் சார், சரியாத்தான் வருது. "அப்புறம் எதுக்குக் கொடி?" என்னிடம் பதிலில்லை. "இரண்டாவது இன்னிங்ஸையும் பாரு" என்றார். வில்சன் 100 ரன், மறுபடி 4 விக்கெட். மொத்தம் 16 ரன்னுக்கு 11, நடுவில் ஒரு ஹாட்ரிக். ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் எடுத்த முதல் ஆள் அவர்தான், ஆண்களையும் சேர்த்து. ஆண்களில் அதை முதலில் செய்தது இயன் போத்தம், 1980இல் மும்பையில், 22 வருடம் கழித்து. போத்தம் கணக்கு எனக்கு மனப்பாடம், அந்தத் தாளுக்கு நான் கொடி போட்டதே இல்லை.

கொடியை எடுத்தேன். குறிப்பை அழிக்க வழியில்லை, இன்றும் என் பெயரோடு அங்கேயேதான் இருக்கும்.

கடைசிக் கட்டில் 1973 வந்தது, பெண்களின் முதல் உலகக் கோப்பை. எட்ஜ்பாஸ்டனில் இங்கிலாந்து 3 விக்கெட்டுக்கு 279, எனிட் பேக்வெல் 118, ஆஸ்திரேலியாவை 92 ரன்னில் தோற்கடித்துக் கோப்பை வாங்கிய ஆட்டம். சாஃப்ட்வேரில் உலகக் கோப்பை என்று தேர்ந்தெடுத்தால் வருடப் பட்டியல் 1975இல்தான் தொடங்கியது, ஆண்களின் முதல் கோப்பை வருடம். இந்த முறை தாளை விட்டுவிட்டு சாஃப்ட்வேர் மேல் கொடி போட்டேன். மூன்று நாளில் பட்டியலில் 1973 வந்துவிட்டது.