இஎக்ஸ்436: ஸ்டோரேஜைத் தொடும் முன் ஃபென்சிங்கை முடித்துவிடுங்கள்

ரெட் ஹேட்டின் ஹை அவைலபிலிட்டி கிளஸ்டரிங் (ஒரு சர்வர் விழுந்தாலும் சேவை நிற்காதபடி பல சர்வர்களைச் சேர்த்து அமைப்பது) தேர்வான இஎக்ஸ்436-ல் இந்த முறை தேறிவிட்டேன். போன முறை தேர்ச்சிக்கான 210 மதிப்பெண்ணைத் தொடவில்லை, அதற்கு ஒரே காரணம் ஃபென்சிங், அதாவது பேசாமல் போன சர்வரை வலுக்கட்டாயமாக அணைத்தோ ரீபூட் செய்தோ ஒதுக்குவது. கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் எல்லோருக்கும் தெரிந்த பாடத்திட்டத்தையும் வீட்டு லேபையும் வைத்தே எழுதுகிறேன். எல்லாம் ரெல் (ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ்) 9-க்கு.

பெரும்பாலானவர்கள் ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக வரும் டிஸ்க்), மல்டிபாத் (ஒரே டிஸ்குக்குப் பல பாதைகள்), ஜிஎஃப்எஸ்2 (பல சர்வர்கள் ஒரே நேரத்தில் எழுதும் ஃபைல்சிஸ்டம்) என்று ஸ்டோரேஜ் பக்கத்துக்கு வாரக்கணக்கில் நேரம் கொடுத்துவிட்டு ஃபென்சிங்கை ஒரு மாலையில் முடிக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். மூன்று நோட் (கிளஸ்டரில் சேர்ந்த சர்வர்) உள்ள கிளஸ்டரில் ஒரு நோட் பேசாமல் போனால், நோடுகளுக்கிடையே செய்தி கடத்தும் கோரோசின்க் சுமார் 3650 மில்லிசெகண்டில் டோக்கன் (நோடுகள் சுற்றுக்கு விடும் செய்தி) தொலைந்ததாக எடுத்துக்கொண்டு, பிறகு அந்த நோடை விலக்கும். டோக்கனின் அடிப்படை 3000, மூன்றாவது நோடுக்காகக் கூடுவது 650. மிச்சம் இருக்கும் இரண்டுக்கும் இரண்டு ஓட்டு உண்டு, கோரம் (பெரும்பான்மை) இருக்கிறது. ஆனால் போன நோட் செத்துவிட்டதா, நெட்வொர்க் மட்டும் அறுந்து அதே லன்னில் (பகிர்ந்த டிஸ்கில்) இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறதா என்பது அவற்றுக்குத் தெரியாது. தெரியும்வரை, எந்த நோட் எதில் எழுதலாம் என்று பூட்டுகளை நிர்வகிக்கும் டிஎல்எம் லாக் தராது. ஃபென்சிங் முடிந்தது என்ற உறுதி வந்த பிறகுதான் தரும்.

ஃபென்சிங் வேலை செய்யாத கிளஸ்டரில் இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். ஜிஎஃப்எஸ்2 மவுன்ட்டில் ஒரு ஃபைல் உருவாக்கப் பார்ப்பீர்கள், கர்சர் அப்படியே நிற்கும். கன்ட்ரோல்-சி அடித்தாலும் ப்ராம்ப்ட் வராது. வேறொரு டெர்மினலில் பிஎஸ் பார்த்தால் அந்த ப்ராசஸ் டி நிலையில் (குறுக்கிட முடியாத காத்திருப்பில்) கிடக்கும். ஐஸ்கஸி செஷன் லாகின் ஆகித்தான் இருக்கும், மல்டிபாத் இரண்டு பாதைகளையும் ஆக்டிவ் ரெடி என்றே காட்டும். பார்த்தால் ஸ்டோரேஜ் கோளாறு மாதிரியே இருப்பதால் ஐஸ்கஸிடியை ரீஸ்டார்ட் செய்யத் தோன்றும், மல்டிபாத் கான்ஃபிகைத் திருத்தத் தோன்றும். எதையும் தொடாமல் டிஎல்எம்-டூல் எல்எஸ் கொடுங்கள். 'வெயிட் ஃபென்சிங்' என்று இருந்தால் பிரச்சினை டிஸ்கில் இல்லை.

வீட்டு லேபுக்கு ஒரு ஹோஸ்ட், மூன்று விஎம் நோட், ஐஸ்கஸி டிஸ்கைத் தரும் டார்கெட்டுக்கு இன்னொரு விஎம் போதும். நோட் ஒன்றுக்கு 2 ஜிபி ராம். ஃபென்சிங்குக்கு ஃபென்ஸ்-எக்ஸ்விஎம், அதாவது ஹோஸ்ட் வழியாக விஎம்களை ஃபென்ஸ் செய்யும் ஏஜென்ட். அதில் சறுக்கும் இடங்கள்:

– எட்சி கிளஸ்டர் டைரக்டரியில் வைக்கும் கீ ஃபைல் ஹோஸ்டிலும் மூன்று நோடிலும் ஒரே ஃபைலாக இருக்க வேண்டும். தனித்தனியாக உருவாக்கினால் டைம்-அவுட்தான் வரும், கீ தவறு என்று தெளிவாகச் சொல்லாது.
– ஹோஸ்டில் யுடிபி 1229, ஒவ்வொரு நோடிலும் டிசிபி 1229 திறந்திருக்க வேண்டும். இரண்டாவதைத்தான் பலர் மறக்கிறார்கள்.
– விஎம்மின் பெயரும் கிளஸ்டர் நோடின் பெயரும் வேறாக இருந்தால் எந்த நோடுக்கு எந்த விஎம் என்று சொல்லும் ஹோஸ்ட் மேப் எழுதியே ஆக வேண்டும்.
– மூன்று நோடிலிருந்தும் ஃபென்ஸ்-எக்ஸ்விஎம் லிஸ்ட் கொடுத்துப் பாருங்கள். ஒன்றில் வந்தால் போதாது.

அதன் பிறகு பிசிஎஸ் (கிளஸ்டரை நிர்வகிக்கும் கமாண்டு) ஸ்டோனித் (ஃபென்சிங்கின் இன்னொரு பெயர்) ஃபென்ஸ் கொடுத்து ஒவ்வொரு நோடையும் இன்னொன்றிலிருந்து கொன்று பாருங்கள். கமாண்டு சொல்லும் 'ஃபென்ஸ்டு' என்ற வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். அந்த விஎம்மின் கன்சோலைத் திறந்து வைத்து, ரீபூட் ஆவது அதுதானா என்று கண்ணால் பாருங்கள். மேப்பில் இரண்டு பெயர் மாறியிருந்தால், நோட் 2-ஐக் கொல்லச் சொல்லும்போது நோட் 3 போகும். கிளஸ்டரின் ரிசோர்ஸ்களை (அதில் ஓடும் சேவைகளை) நிர்வகிக்கும் பேஸ்மேக்கரோ நோட் 2 ஒழிந்தது என்று நம்பி லாக்கை விடுவிக்கும், உயிரோடிருக்கும் நோட் 2 அதே டிஸ்கில் எழுதும். எர்ரர் எதுவும் வராமலே டேட்டா கெடும். கிளஸ்டரில் இதைவிட மோசமான நிலை எனக்குத் தெரிந்து இல்லை.

சிஸ்டம்சிடிஎல் ரீபூட் கொடுத்துவிட்டு ஃபெயில்-ஓவர் (சேவை வேறு நோடுக்கு மாறுவது) நடந்தது என்று திருப்தி அடையாதீர்கள். அந்த நோட் கிளஸ்டரிடம் சொல்லிக்கொண்டு போகிறது, அதனால் ஃபென்சிங்குக்கே இடமில்லை. நெட்வொர்க் இன்டர்ஃபேஸை டவுன் செய்யுங்கள், அல்லது சிஸ்ஆர்க்யூ வழியாகக் கெர்னலைக் கிராஷ் செய்யுங்கள். நிஜச் சாவு அதுதான்.

ஸ்டோனித்-எனேபிள்டை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லும் வழிகாட்டிகளைத் தயவுசெய்து மூடிவிடுங்கள். அப்படிச் செய்தால் டிஎல்எம்முக்கான கன்ட்ரோல்டி ரிசோர்ஸே ஸ்டார்ட் ஆகாது.

இனி ஸ்டோரேஜ். விஎம்களை க்ளோன் செய்தவர்கள் முதலில் இனிஷியேட்டர் பெயரை, அதாவது நோட் தன்னை டார்கெட்டிடம் அடையாளம் காட்டும் ஐக்யூஎன்னைப் பாருங்கள். மூன்று நோடுக்கும் ஒரே ஐக்யூஎன் இருக்கும், டார்கெட் மூன்றையும் ஒருவராகவே நினைக்கும். மாற்றியபின் ஐஸ்கஸிடியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய பெயரிலேயே லாகின் ஆகும். மல்டிபாத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை: இரண்டு போர்ட்டலுக்கும் லாகின், எம்பாத்கான்ஃப் எனேபிள், இரண்டு பாதை தெரிகிறதா என்று ஒரு பார்வை.

எல்விஎம் (டிஸ்குகளை விஜி என்ற குழுவாக்கி, எல்வி என்ற பகுதிகளாகப் பிரிப்பது) பக்கம் அப்படியில்லை, நிதானம் வேண்டும். எல்விஎம் கான்ஃபிகில் யூஸ்-எல்விஎம்லாக்டி 1 என்பது மூன்று நோடிலும் இருக்க வேண்டும். டிஎல்எம், எல்விஎம்லாக்டி (எல்விஎம்முக்கான லாக் சேவை) இரண்டையும் ஒரே குரூப்பில் வைத்து, ஆன்-ஃபெயில் ஃபென்ஸ் கொடுத்து, இன்டர்லீவ் ட்ரூவோடு க்ளோன் செய்யுங்கள். பிறகு ஒரு நோடில் விஜிகிரியேட் ஷேர்டு. மற்ற இரண்டில் விஜிஎஸ் கொடுத்தால் எதுவுமே தெரியாது, பலர் இங்கேதான் பதறுகிறார்கள். ரெல் 9-ல் எந்த டிஸ்குகளை எல்விஎம் பார்க்கலாம் என்று பட்டியலிடும் டிவைசஸ் ஃபைல் வந்துவிட்டதால், அந்த இரண்டிலும் எல்விஎம்டிவைசஸ் வழியாக டிஸ்கைச் சேர்த்த பிறகு விஜிசேஞ்ச் லாக்ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். எல்வி உருவாக்கும்போது ஆக்டிவேஷன் 'எஸ்ஒய்', அதாவது ஷேர்டு.

எம்கேஎஃப்எஸ் கட்டத்தில் மூன்று விஷயம்: லாக் டிஎல்எம் ப்ரோட்டோகால், நோடுக்கு ஒன்றாக மூன்று ஜர்னல் (மாற்றங்களை முதலில் பதியும் இடம்), 'கிளஸ்டர் பெயர்:ஃபைல்சிஸ்டம் பெயர்' என்ற லாக் டேபிள். இந்தக் கிளஸ்டர் பெயர் உங்கள் கிளஸ்டரின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் மவுன்ட் ஆகாது. தவறிவிட்டால் ஃபார்மட்டை மறுபடி செய்ய வேண்டாம், ட்யூன்ஜிஎஃப்எஸ்2-வில் லாக் டேபிளை மாற்றலாம். ஜர்னல் இரண்டே போட்டுவிட்டால் மூன்றாவது நோட் மட்டும் மவுன்ட் ஆகாமல் நிற்கும். ஏற்கெனவே மவுன்ட் ஆன நோடிலிருந்து ஜிஎஃப்எஸ்2-ஜேஆட் கொடுத்து ஒன்று சேருங்கள். எஃப்எஸ்டேபில் எழுதவே எழுதாதீர்கள், அது பேஸ்மேக்கரின் வேலை.

கோரம் போனால் என்ன செய்வது என்று சொல்லும் நோ-கோரம்-பாலிசியை ஃப்ரீஸ் ஆக்குங்கள். கோரம் போனபின் ஜிஎஃப்எஸ்2-ஐ அன்மவுன்ட் செய்யவும் கோரம் தேவை. இயல்பான ஸ்டாப் அமைப்பில் அந்த அன்மவுன்ட் தோற்று, கடைசியில் கிளஸ்டர் முழுவதுமே ஃபென்ஸ் ஆகும்.

ரெல் 10-ல் ஜிஎஃப்எஸ்2-க்கான ரெசிலியன்ட் ஸ்டோரேஜ் ஆட்-ஆன் இல்லை என்பது உண்மைதான். அதற்காக இதைத் தள்ளிவிட வேண்டாம். கோரமும் ஃபென்சிங்கும் எந்தக் கிளஸ்டருக்குப் போனாலும் கூடவே வரும்.

சில்லறை விஷயங்கள். ஃபயர்வாலில் ஹை-அவைலபிலிட்டி சர்வீஸ் சேர்ப்பதைப் பெர்மனன்ட் ஆகச் செய்யுங்கள். பழைய பிசிஎஸ்ஸில் ரிசோர்ஸ் மூவ் கொடுத்தால் ஒரு லொகேஷன் கன்ஸ்ட்ரெய்ன்ட் (எந்த நோடில் ஓட வேண்டும் என்ற விதி) ஒட்டிக்கொண்டே இருக்கும், க்ளியர் கொடுத்தால்தான் போகும். ரெல் 9 தானே எடுத்துவிடுகிறது. ஒரு ரிசோர்ஸ் ஏன் எழவில்லை என்று புரியவில்லையென்றால் லாக் ஃபைலில் துழாவும் முன் டீபக்-ஸ்டார்ட் ஓட்டுங்கள், காரணம் திரையிலேயே வரும்.

முடிக்கும் முன் கடைசி 20 நிமிடத்தை ரீபூட்டுக்கு ஒதுக்குங்கள். நீங்கள் அமைத்தது ரீபூட்டுக்குப் பிறகும் கை வைக்காமல் எழ வேண்டும். கிளஸ்டர் எனேபிள் ஆல் கொடுத்துவிட்டு மூன்று நோடையும் ஒன்றாக அணைத்து, ஒன்றாகவே எழுப்புங்கள். எதிலும் கமாண்டு அடிக்காமல் சில நிமிடம் காத்திருந்துவிட்டு பிசிஎஸ் ஸ்டேட்டஸ் ஃபுல் பாருங்கள். மூன்றில் ஒன்றில் மட்டும் விஜி ஆக்டிவேட் ஆகவில்லையா? முதலில் அந்த நோடின் டிவைசஸ் ஃபைலைத் திறந்து, ஷேர்டு டிஸ்க் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.