பால் இல்லாத பிஸ்கட்: பதினோரு தடவை

பேரனுக்கு நான்கு வயது. பசும்பாலில் இருக்கும் புரதம் அவனுக்கு ஆகாது. பால், தயிர், வெண்ணெய், பன்னீர் எது உள்ளே போனாலும் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பிவிடும். பக்கத்து வீட்டு அம்மா, "லாக்டோஸ் நீக்கிய பால் கடையில் விற்கிறதே, அதைக் கொடுங்களேன்" என்றார். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அதை நீக்கினாலும் புரதம் எங்கும் போய்விடாது. இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு காபி நேரம் ஆயிற்று.

பிஸ்கட் சுடுகிற வேலைக்கு என்னை இழுத்துவிட்டது ஒரு பேக்கரிக்காரர். "பால் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை சார்" என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. பால் சேர்க்கவில்லை, வெண்ணெய் சேர்த்திருந்தார். வெண்ணெயும் பால்தான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அன்று இரவு முழுக்கப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு மகள் கூடத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு, இனி கடைப் பிஸ்கட் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று முடிவு செய்தேன். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அடுப்படியில் காபி கலப்பதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை. ஆனால் நோட்டுப் போட்டு எழுதுகிற பழக்கம் உண்டு.

முதல் தடவை, மே மாதம். மைதா, சீனி, சூரியகாந்தி எண்ணெய், கொஞ்சம் தண்ணீர். சப்பாத்திக்குப் பிசைவது போல் அழுத்திப் பிசைந்தேன். அதுதான் தவறு. தண்ணீர் பட்ட மைதாவைப் பிசையப் பிசைய உள்ளே ரப்பர் மாதிரி ஓர் இழுவை உண்டாகும். சப்பாத்திக்கு அது வேண்டும், பிஸ்கட்டுக்கு அதுவே எமன். மேசையில் தட்டினால் ஓட்டுச் சில்லு போல் 'டக் டக்' என்றது. "தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியாகப் போடலாங்க" என்றாள் என் மனைவி.

இரண்டாம் தடவை தேங்காய் எண்ணெய். வெண்ணெய் போலவே அதுவும் உறையும், ஆகையால் சரியாக வரும் என்பது என் கணக்கு. கணக்கு சரி, ஊர்தான் தவறு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகிவிடும். மே மாதத்தில் எங்கள் சமையலறையில் மாலை ஐந்து மணிக்கு 36 டிகிரி. உருட்டித் தட்டில் வைத்த மாவு ஓவனுக்குள் போகும் முன்பே பளபளவென்று எண்ணெய் கக்கியது. உள்ளே போன ஐந்தாவது நிமிடத்தில் ஒன்பது உருண்டைகளும் ஒன்றோடொன்று கைகோத்துத் தட்டு நிறைய ஒரே அடையாகிவிட்டன. பேரன் அதைப் பிய்த்துத் தின்றான். அவனுக்கு எல்லாமே பிடிக்கும், அதனால் அவன் தீர்ப்பை நான் நோட்டில் எழுதுவதில்லை.

அன்றுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பால் இல்லாதது பெரிய குறை இல்லை. மாவை அடுப்பு வரைக்கும் கெட்டியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை, அதுதான் குறை. அந்த வேலையைத்தான் வெண்ணெய் செய்துகொண்டிருந்தது.

மூன்றாவது, வனஸ்பதி. வெயிலில் இளகாது, மாவும் சொன்ன பேச்சைக் கேட்டது. இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் சட்டமே இருப்பதால் பயமும் முன்போல் இல்லை. ஆனால் தின்ற பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல் ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் யாரும் இரண்டாவது பிஸ்கட்டை எடுக்கவில்லை. வெண்ணெய்க்கு மாற்றாக விற்கும் மார்கரினும் பார்த்தேன். கடையில் கையில் எடுத்த பாக்கெட்டில், சேர்மானப் பட்டியலின் கடைசியில் பால் பொருள் என்று பொடி எழுத்தில் இருந்தது. அப்படியே வைத்துவிட்டு வந்தேன். நெய்யும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். என்னதான் உருக்கி வடிகட்டினாலும் புரதம் துளி தங்கிவிடலாமாம்.

எனவே மறுபடியும் தேங்காய் எண்ணெய், இம்முறை ஃபிரிட்ஜ் துணையோடு. நான்காவது தடவை இரவு முழுக்க உள்ளே வைத்துவிட்டேன். காலையில் கரண்டி வளைந்தது, எண்ணெய் அசையவில்லை. ஐந்தாவது தடவை கிண்ணத்தில் ஊற்றி உள்ளே வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து கிளறிக்கொண்டே இருந்தேன். முதலில் ஓரத்தில் வெள்ளையாக ஆடை கட்டும், பிறகு நடுவில் கஞ்சி போல் கலங்கும். இருபது நிமிடம் ஆகும்போது இட்லி மாவு பதத்துக்கு வந்து, கரண்டியைத் தூக்கினால் சட்டென்று விழாமல் தயங்கித் தயங்கி விழும். அந்தத் தயக்கம்தான் பதம். அப்போதே பொடித்த சர்க்கரையைப் போட்டு அடித்துவிட வேண்டும். அதற்குள் தொலைபேசியை எடுத்தால் போயிற்று. இந்த வேலையை விடியற்காலை ஐந்து மணிக்கு மாற்றிக்கொண்டேன். மின்விசிறியை நிறுத்தினாலும் தாங்கக்கூடிய நேரம் அது ஒன்றுதான்.

அடுத்தது ஓவன். குமிழில் 180 என்று வைத்தால் உள்ளேயும் 180 இருக்கும் என்று நம்பினேன். தொழிற்சாலையில் அப்படி நம்பியிருந்தால் மேஸ்திரி தோலை உரித்திருப்பார். வெல்டிங்குக்கு முன் இரும்பு போதிய அளவு சூடேறிவிட்டதா என்று பார்க்கச் சாக்கட்டி மாதிரி ஒன்று இருக்கும். கோடு போட்டால், குறிப்பிட்ட சூட்டில் அந்தக் கோடு உருகும். பாரிமுனைக்குப் போய் ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வந்தேன். குமிழ் 180 என்றது, உள்ளே 205. பின்பக்க இடது மூலை அதற்கும் மேல். இப்போது குமிழை 140-க்குக் கீழே வைக்கிறேன், உள்ளே 160 நிற்கிறது. பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்கிறேன்.

நிறம் மட்டும் வரவில்லை. வெந்துவிட்டது, ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவர் போல் வெளுத்திருந்தது. பாலில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்தே இருக்கின்றன. சூட்டில் அவை இரண்டும் கூடித்தான் பொன்னிறமும் மணமும் வருகின்றன. வெள்ளைச் சீனி அந்தக் கூட்டணிக்கு எளிதில் வராது. நாட்டுச் சர்க்கரை வரும். புரதத்துக்குக் கடலை மாவு சேர்த்துப் பார் என்று மைசூர்பாகு கிளறுகிற அனுபவத்தில் என் மச்சினி சொன்னாள். கேட்டேன், பலித்தது.

எட்டாவது தடவை எழுதிவைத்த அளவு இது: மைதா 125 கிராம், சலித்த கடலை மாவு 25 கிராம், பொடித்த நாட்டுச் சர்க்கரை 65 கிராம், இட்லி மாவு பதத்துக்கு உறைந்த தேங்காய் எண்ணெய் 75 கிராம், கால் தேக்கரண்டி ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு, நான்கு ஏலக்காய். மாவு சேராவிட்டால் மட்டும் கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு தேக்கரண்டி. பிசையக் கூடாது, விரல் நுனியால் சேர்த்துப் பிடித்தால் போதும். உருட்டி, லேசாகத் தட்டி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, நேராகச் சூடான ஓவனுக்குள். பதினெட்டு நிமிடம். வெளியே எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், வேகவில்லை என்று பதறக் கூடாது. ஆறியதும் மொறுமொறுப்பு தானாக வரும். பட்டர் பிஸ்கட் செய்முறை கையில் இருந்தால், 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 80 கிராம் எண்ணெய் எடுக்கலாம். வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொழுப்பு இல்லை, பெரும்பாலும் தண்ணீர்தான்.

ஐப்பசி மழையில் வேறு தொல்லை. காலையில் சுட்டது மாலையில் நமுத்துப்போயிற்று. ஆறும் முன்பே டப்பாவில் போட்டு மூடியது ஒரு காரணம், நாட்டுச் சர்க்கரை ஈரத்தை இழுப்பது இன்னொன்று. முறுக்குக்கு வைத்திருக்கும் எவர்சில்வர் டப்பாவை மனைவி பெரிய மனது பண்ணிக் கொடுத்தாள். நமுத்தவற்றை 120 டிகிரியில் பத்து நிமிடம் மறுபடி வைத்தால் மீண்டுவிடுகின்றன. டப்பா மூடியில் 'பால் இல்லை, வெண்ணெய் இல்லை, நெய் இல்லை' என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி ஒட்டியிருக்கிறேன். பேக்கரிக்காரர் கற்றுக்கொடுத்த பாடம்.

பதினோராவது தடவை, மார்கழி பிறந்து ஒரு வாரம். வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து பாட்டிலைக் கவிழ்த்தேன், ஒன்றும் விழவில்லை. எண்ணெய் தானாகவே வெள்ளை வெளேர் என்று உறைந்து கிடந்தது. ஏழு மாதம் அதை உறையவைக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். இப்போது பாட்டிலை வெந்நீர்ச் செம்புக்குள் நிறுத்திவிட்டு, இளகட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன்.